அலை அடிக்கும் பெரிய ஏரியில் மீன்பிடிக்க ரிவெட் அடித்த அலுமினியப் படகு தாங்குமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

தாங்கும். என்னிடம் இருப்பதே அதுதான். ஆனால் தகடுகளை ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்ததா, வெல்டிங் செய்ததா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வதற்கு முன்னால், படகின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். நான் முதல் படகு வாங்கியபோது அதைத்தான் பார்க்காமல் விட்டேன்.

அது 14 அடி நீளம், தட்டையான அடி. காற்றில்லாத நாளில் சொகுசாகப் போகும். ஒரு மதியம் காற்று கிளம்ப, எதிர்காற்றில் கரை திரும்பினேன். ஒவ்வொரு அலைக்கும் அணியம், அதாவது படகின் முன்முனை, மேலே எழும்பித் தகர டின்னைத் தரையில் அறைந்தமாதிரி விழுந்தது. தூண்டில் பெட்டி திறந்து முள்ளெல்லாம் காலடியில் கொட்டிவிட்டது. வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன். இடுப்பு வலி இரண்டு நாள் போகவில்லை.

அலையைக் கிழிக்க 'வி' வடிவ அடி வேண்டும். முன்னால் கத்திபோல் கூராக இருந்து, பின்னால் வர வர விரிய வேண்டும். எஞ்சினை மாட்டும் பின்பலகை அருகே, அடிப்பக்கம் நடுவிலிருந்து இரு பக்கமும் மேல்நோக்கி ஏறும் சாய்வு எத்தனை டிகிரி என்று விற்பவரிடம் கேளுங்கள். 12 முதல் 15 வரை என்றால் நடுத்தரம். 18-ஐத் தாண்டினால் ஓட்டம் மெத்தென்று இருக்கும், ஆனால் நிறுத்தியதும் தொட்டில்தான். எஞ்சினும் பெரிதாக வேண்டியிருக்கும். நாம் பாதி நேரம் நின்றுதானே மீன் பிடிக்கிறோம்? அதனால் நான் நடுத்தரத்தோடு நின்றுகொண்டேன். இன்னொன்று: அதே சாய்வுள்ள ஃபைபர் படகு இதைவிட மென்மையாகப் போகும், காரணம் அதன் எடை. அலுமினியம் லேசு, காற்று தூக்கிப் போடும்.

நீளம் 16 அடிக்குக் குறைய வேண்டாம். பக்கச்சுவர் உயரமாக இருக்கட்டும். அதைவிட முக்கியம் பின்பலகையின் உயரம். 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவு பரவலாகக் கிடைக்கும். அலைக்கு 20 எடுங்கள், எஞ்சின் தண்டும் அதற்கேற்ற நீளத் தண்டாக இருக்க வேண்டும். ஓடும் படகைச் சட்டென்று நிறுத்தினால், அது கிளப்பிய அலையே பின்னால் வந்து தாழ்ந்த பலகையைத் தாண்டி உள்ளே இறங்கும்.

இனி ரிவெட். தலை முழுதாக உள்ள கெட்டி ரிவெட்டா என்று பாருங்கள். நடுவில் துளை தெரியும் பாப் ரிவெட் தண்ணீருக்குக் கீழே இருந்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. அடித்தகட்டின் சேர்மானத்தில் இரண்டு வரிசை ரிவெட் இருந்தால் நல்லது. வெல்டிங் செய்தால் தகடு எப்போதும் பலமாக இருக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. சூடு பட்ட இடத்தில் அலுமினியம் கொஞ்சம் பலம் இழக்கும். ரிவெட்டின் குறை வேறு: வருடக்கணக்கில் அலையில் அடிபட்டுத் தளர்ந்து கசியும்.

என் இப்போதைய படகு பழையது. வாங்கும்போது டிரெய்லரிலேயே வைத்து உள்ளே கணுக்கால் அளவுகூட இல்லாமல் தண்ணீர் ஊற்றி (அதற்கே எடை பயங்கரமாக ஏறும், தாங்கு கட்டைகள் சரியாக இருக்க வேண்டும்), கீழே படுத்துச் சொட்டும் ரிவெட்டையெல்லாம் மார்க்கரால் வட்டமிட்டேன். ஏழு. பிறகு நண்பர் உள்ளே இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, நான் வெளியிலிருந்து சுத்தியலால் தட்டினேன். ஆறு இறுகிவிட்டன. ஏழாவதுக்குத் துளையே அகன்றிருந்தது, அதை எடுத்துவிட்டு ஒரு சுற்றுப் பெரிய ரிவெட் போட்டோம். அரை நாள் வேலை, வெல்டர் தேவைப்படவில்லை.

பழையது வாங்கினால் எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பின்பலகை கூடவே நெளிந்தால் உள்ளிருக்கும் பிளைவுட் உளுத்துவிட்டது, விட்டுவிடுங்கள். வழக்கமான செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட் அலுமினியத்தில் பூசவே கூடாது, தகட்டை அரித்துத் தின்றுவிடும்.

ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் காற்றில்லாத அதிகாலையில் வரச் சொல்வார். காற்று எழும்பிய பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள்.