கெப்புக்குப் பின்னால் டர்ட் பைக்: ஹிட்ச் கேரியர் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

வாகனத்துக்குப் பின்னால் பைக் ஏற்றும் கேரியர் வாங்க யோசிப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கல்லடியில் ஒட்டு வேலை (வெல்டிங்) செய்கிறவன், இதில் நானும் அடிபட்டவன். வந்தவற்றில் சில இதோ.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அண்ணன், என்னிடம் ஹைலக்ஸ் டபுள் கெப் இருக்கு. பைக் 120 கிலோ. 180 கிலோ தாங்கும் கேரியர் போதும்தானே?

கேரியர் தாங்கும் தம்பி, அதைப் பிடித்திருக்கிற ஹிட்ச், அதாவது வாகனத்தின் பின் அடியில் பூட்டிய இரும்புப் பிடி, தாங்குமா என்று முதலில் பாருங்கள். நல்ல ஹிட்சில் ஒரு தகடு இருக்கும், அதில் பெரிய எண் இழுக்கும் பாரம், சின்ன எண் மேலிருந்து அழுத்தும் பாரம். நமக்கு வேண்டியது சின்னது. இரும்புக் கேரியரே 30 கிலோவுக்குக் கிட்ட வரும், ஆக மொத்தம் 150. அது பின் அச்சிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளித் தொங்குது என்று வையுங்கள், ஹைலக்ஸின் இரண்டு அச்சுக்கும் இடையில் 3.085 மீற்றர், அப்போ பின் சில்லுகளில் கூடுவது 150 இல்லை, 220 கிலோவுக்கு மேல், முன் சில்லுகளில் 70 கிலோ அளவுக்குக் குறையும். மழை ரோட்டில் ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி லேசாகத் திரும்பினால் சந்தோசப்படாதீர்கள், அது முன் சில்லு ரோட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அக்கரைப்பற்றிலிருந்து: என்னுடையது ஆல்டோ. பைக் சின்னதுதான், டிடிஆர் 125.

கோவிக்க வேண்டாம் நானா, வேண்டாம். அந்த பைக்கே 90 கிலோ வரும். சின்னக் காருக்குப் போடும் ஒன்றே கால் அங்குல ஹிட்சில், ஆகக் குறைந்த பாரத்துக்கான முதல் வகுப்பு தாங்குவதே அவ்வளவுதான், கேரியரின் பாரம் வேறு இருக்கு. ஒரு டிமோ பட்டா லொறி பிடித்து ஏற்றுங்கள், மலிவு.

வாழைச்சேனையிலிருந்து: டோ பாரில் உருண்டை இருக்கு, பக்கத்துக் கராஜில் ஒட்டியது. அதில் மாட்டலாமா?

உருண்டை டிரெய்லர் இழுக்க. அதில் இந்தக் கேரியரை மாட்டினால் சுழலும். உங்களுக்கு வேண்டியது 2 அங்குலச் சதுரக் குழாய், அதுவும் செசியின் இரண்டு பக்கத்திலும் போல்ட் போட்டுப் பிடித்தது. கீழே படுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒருமுறை அப்படிப் படுத்தபோது கண்டது: பம்பரைப் பிடிக்கும் மெல்லிய தகட்டிலேயே டோ பாரை ஒட்டியிருந்தார்கள், ஒட்டு வரிசை பூத்தையல் போல அழகு, விரலால் தட்டினேன், பெயின்ட் பொருக்காக உதிர்ந்து உள்ளே கறள்!

கறள் என்றதும் இன்னொன்று. நம்முடைய உப்புக்காற்றில் கேரியரைக் குழாய்க்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். நான் ஒரு மாரி முழுக்க விட்டேன், மறுகா மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு பேர் சுத்தியலோடு அரை நாள் மல்லுக்கட்டித்தான் வெளியே எடுத்தோம். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு கழற்றி கிரீஸ் பூசுங்கள். அலுமினியம் பாரம் குறைவு, ஆனால் அதில் போட்ட இரும்பு போல்ட்டைச் சுற்றி உப்பு தின்னத்தான் செய்யும்.

ஏறாவூரிலிருந்து: பெல்ட் எப்படிக் கட்டுவது?

செங்கலடியிலிருந்து மகா ஓயாப் பக்கம் போகும்போது ஒரு குழியில் விழுந்தேன், பைக்கின் முன் சொக் அமுங்கியது, பெல்ட் ஒரு கணம் தொய்ந்தது, எஸ் கொக்கி கழன்று விழுந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பைக் ஒரு பக்கம் சாய்ந்தபடி வருது. அன்றிலிருந்து பூட்டு நாக்கு உள்ள கொக்கிதான். முன் சொக்குகளைப் பிடிக்கும் கீழ்க் கிளம்பிலிருந்து இரண்டு பெல்ட் முன்னுக்கு, இரண்டு பின்னுக்கு. முன் சொக் பாதி அமுங்கினால் போதும், முழுக்க அமுக்கினால் ஒயில் சீல் கசியலாம். முன் டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டை வைத்தால் அந்தக் கவலை குறையும். பத்து கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், பெல்ட் கட்டாயம் கொஞ்சம் தளரும்.

கல்முனையிலிருந்து: ஓடும்போது ஆடுது, சத்தமும் வருது. பழுதா?

கேரியரைக் குழாயில் பூட்டும் இரும்பு ஊசிக்கும் அதன் துளைக்கும் இடையில் இருக்கிற இடைவெளிதான் சத்தம் போடுது. குழாயோடு சேர்த்து இறுக்கும் யு போல்ட் கிளம்ப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். அப்படியே சைலன்சர் வாய் பைக் டயரைப் பார்த்து ஊதுதா என்றும் பாருங்கள். நம்பர் பிளேட்டும் பிரேக் லைட்டும் மறைந்தால், ஒரு பலகையில் அவற்றை மாற்றிப் பூட்டி வயர் இழுக்க வேணும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது.

காத்தான்குடியிலிருந்து: கேடிஎச் வானில் போட்டால் பின் கதவு திறக்குமா?

திறக்காது. சாப்பாட்டுப் பார்சலை முன் சீட்டிலேயே வையுங்கள்.