சாட்சியில சேச்சி பேரு சொன்னது தப்பா?

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம். நான் களியக்காவிளை பக்கம். எங்க வீட்டுக்காரரு ரப்பர் பால் வெட்டப் போறவரு, போன மழையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு, திருவனந்தபுரத்துல ஆப்ரேஷன் பண்ணி நாலு மாசம் படுக்கைதான். அந்த நாலு மாசமும் பக்கத்து வீட்டு மலையாளத்து சேச்சிதான் காலையில கஞ்சியும் பயறும் கொண்டு தருவாங்க, பிள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்தி விடுவாங்க. அவரு நடக்க ஆரம்பிச்ச பொறவு சபையில சாட்சி சொன்னேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டு சேச்சி பேரையும் சொல்லி நன்றின்னேன். ஆராதனை முடிஞ்சதும் மூத்தவரு ஒருத்தரு, "மகிமை கர்த்தருக்கு மட்டும்தான், மனுஷங்கள புகழக்கூடாது, அதுவும் கோயிலுக்கு போறவங்கள" ன்னுட்டாரு. அன்னைக்கேருந்து மனசு சரியில்ல. நான் செஞ்சது தப்பா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

தப்பே இல்லம்மா. நீ அன்னைக்கு சொன்னது முழு சாட்சி.

அந்தப் பெரியவரு பயப்படுறதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அத தள்ளிட வேண்டாம். லீஸ்திராவுல பவுலையும் பர்னபாவையும் தேவர்கள்னு நெனச்சு ஜனங்க காளை கொண்டு வந்து பலியிடப் போனப்ப, ரெண்டு பேரும் வஸ்திரத்தக் கிழிச்சிட்டு கூட்டத்துக்குள்ள ஓடி தடுத்தாங்கல்லா, மனுஷன கும்புடுறதுதான் அங்க பிரச்சனை. நீ சேச்சிய கும்புடல, கஞ்சி தந்தாங்கன்னு சொன்ன, நடந்ததத்தான் சொன்ன.

அதே பவுலு ரோமருக்கு எழுதின லெட்டர்ல 16ஆம் அதிகாரத்த எடுத்துப் பாரு, முக்காவாசி பேருங்கதான். பெபேயாள் எனக்கும் நெறைய பேருக்கும் ஒத்தாசையா இருந்தா, பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் என் உயிருக்காக கழுத்தையே கொடுத்தாங்க, அவங்களுக்கு நான் மட்டுமில்ல புறஜாதியார் சபை எல்லாமே நன்றியுள்ளவங்களா இருக்குன்னு எழுதுறாரு. யோப்பா பட்டணத்துல தபீத்தாள் செத்தப்ப விதவைங்க எல்லாம் அவ தச்சுக் கொடுத்த துணிமணிய எடுத்துக் காட்டி அழுதாங்க, பேதுரு அந்த துணிய பாத்துட்டு ஒருத்தரையும் அதட்டல.

சரி, சேச்சி நம்ம சபை இல்லையேங்கிறது அடுத்தது. எனக்கு இந்த எடம்தான் ரொம்ப முக்கியமா படுது. அப்போஸ்தலர் 27ல கப்பல் ஒடஞ்சு 276 பேரு நனைஞ்சு நடுங்கிட்டு மெலித்தா தீவுல கரையேறுறாங்க. அந்தத் தீவுக்காரங்களுக்கு இயேசு யாருன்னே தெரியாது, பாம்பு பவுலு கையில தொங்கினதப் பாத்து முதல்ல கொலகாரன்னாங்க, ஒண்ணும் ஆகலன்னதும் தேவன்னாங்க, அப்படிப்பட்ட ஜனங்க. ஆனாலும் அப்போஸ்தலர் புஸ்தகத்த எழுதின லூக்கா அவங்கள பத்தி என்ன எழுதி வச்சாரு? "அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல." மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டி எல்லாரையும் சேத்துக்கிட்டாங்கன்னு. மழையில விழுந்த உன் வீட்டுக்காரருக்கு சேச்சி மூட்டினது அந்த தீதான், லூக்கா எழுதினதத்தான் நீ மைக்ல சொன்ன.

நம்ம பக்கத்து சபைகள்ல 1806ல மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தத சொல்லி ஸ்தோத்திரம் பண்றோம். 1922ல எவரெஸ்ட் ஏற வந்துட்டு, நெய்யூர் ஆஸ்பத்திரியில நோயாளிக் கூட்டத்தப் பாத்து மனசு மாறி இங்கயே ஊழியத்துக்கு வந்த சாமர்வெல் டாக்டர் பேர சொன்னா வயசானவங்க கண்ணு நெறையும். அதுல கர்த்தரோட மகிமை ஒண்ணும் கொறஞ்சு போகலியே, பயறு அவிச்ச சேச்சி பேர சொன்னா மட்டும் எப்படி கொறையும்?

எபிரெயர் 13ல 15ஆம் வசனம் ஸ்தோத்திரபலி, அடுத்த வசனமே நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறக்காதீங்க, இப்படிப்பட்ட பலிகள்மேல தேவன் பிரியமா இருக்காருன்னு. ரெண்டுக்கும் பலின்னுதான் பேரு. எங்க பாட்டி தெனமும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போடுவா, வாய் பாட்டுக்கு ஒரு கீர்த்தனை முணுமுணுக்கும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி சபைக்கு போய் அங்கேருந்து இல்லாத வீட்டுக்கு போகும். பாட்டு எங்க முடிஞ்சுது அரிசி எங்க தொடங்குச்சுன்னு அவளுக்கே தெரியாது.

உன் லெட்டர்ல இன்னொண்ணு என்னை உறுத்துச்சு, அந்த நாலு மாசத்துல சபையிலேருந்து யாரு வந்தா என்ன கொண்டு வந்தாங்கன்னு நீ எழுதவே இல்ல. விட்டுப்போச்சா, இல்ல எழுத ஒண்ணும் இல்லியா? ரெண்டாவதுன்னா அது உன்னோட பாரம் இல்ல, எங்கள மாதிரி சபைக்காரங்க முழங்கால்ல நின்னு கேக்க வேண்டிய மன்னிப்பு.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். நீ நன்றி சொன்னது சேச்சி இல்லாத எடத்துல. அவங்க மொகத்தப் பாத்து சொன்னியா? சொல்லலன்னா இந்த வாரமே போ, மரச்சீனி அவிச்சு மீன்கறி வச்சு எடுத்துட்டு போ, ஆண்டவர் உங்கள எனக்கு தந்தாருன்னு உனக்கு வர்ற மலையாளத்துலயே சொல்லு. வண்டியில போகாண்டாம், வீட்டுக்காரரயும் மெதுவா நடக்க வச்சு கூட்டிட்டு போ. அவரு நடந்து வர்றத சேச்சி வாசல்ல நின்னு பாக்கட்டும்.