கடலோர மொட்டை மாடிக்கு எந்த உலோகத் தொட்டி தாங்கும்?

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, மொட்டை மாடியில் செடி வளர்க்க உலோகத் தொட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் பெயின்ட் அடித்த சாதா இரும்பு மட்டும் வேண்டாம். உப்புக் காற்றில் ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு பெயின்டுக்கு அடியிலேயே பரவிவிடும்.

என் முதல் தேர்வு பவுடர் கோட்டிங் (வண்ணத் தூளைத் தூவி, சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) செய்த அலுமினியம். கனமும் குறைவு, மாடிக்கு நல்லது. அடுத்து ஹாட் டிப் ஜி.ஐ., அதாவது சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு. சின்னக் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். வடிகால் துளைகளை முக்குவதற்கு முன்பே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு நீங்களே டிரில் போட்டால், அந்த விளிம்பில் துத்தநாகப் பெயின்ட் தடவ மறக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான். 304இல் கடலோரத்தில் பழுப்புப் புள்ளிகள் வரும். மேலே படியும் துருவே கவசமாக நிற்கும் கார்டென் (Corten) ஸ்டீல் பார்க்க அழகு, ஆனால் உப்புக் காற்றில் அந்தத் துருப்படலம் நிலைக்காது.

துருவைவிட எனக்குப் பெரிய கவலை வெயில். சித்திரையில் தகடு கொதித்து, ஓரத்து வேர்கள் வெந்துபோகும். செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை உலோகத் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் நார் அடையுங்கள். அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது.