ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது?
வாசகர் கேள்விகளுக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் ஸ்கேன் மருத்துவர் பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இடுப்பு வலி என்று ஸ்கேன் எடுத்தோம். ‘லெஃப்ட் டிஸ்டல் யூரிட்டரில் 5 மி.மீ. கால்குலஸ், மைல்ட் ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ்’ என்று போட்டிருக்கிறது. நெஃப்ரோ என்றால் கிட்னியாமே? கிட்னி போய்விட்டதா டாக்டர்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இல்லை அம்மா, கிட்னி போகவில்லை. இந்த மாதிரி ரிப்போர்ட்டை தினமும் எழுதுகிறவள் நான். அந்த நீளமான சொல்லைப் பார்த்துத்தான் பாதிப் பேர் அழுகிறார்கள்.

கால்குலஸ் என்றால் கல். யூரிட்டர் என்பது கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாய். பெரியவர்களுக்கு 25 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும். டிஸ்டல் என்றால் கிட்னிக்குத் தள்ளி, மூத்திரப்பைக்குப் பக்கத்தில். அதாவது, கல் குழாயின் பெரும்பகுதியைக் கடந்து கீழே வந்துவிட்டது. குழாய் மூத்திரப்பையில் சேரும் இடம்தான் இருப்பதிலேயே குறுகலானது. அங்கே வந்து நிற்கும் கல், அடிக்கடி மூத்திரம் வருவது போலவும் எரிவது போலவும் படுத்தும்.

கீழ்மடை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் மேலே ஏறி நிற்கும் அல்லவா? அப்படி மூத்திரம் தேங்கி, குழாயும் கிட்னியின் உட்பகுதியும் விரிந்திருப்பதுதான் ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ். மைல்ட் என்றால் லேசாக. கல் வெளியேறினால் இது பெரும்பாலும் வடிந்துவிடும். ரிப்போர்ட்டில் ‘கார்டிகோமெடுல்லரி டிஃபரன்சியேஷன் மெயின்டெய்ன்ட்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கிட்னியின் வெளிப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் நடுவே உள்ள எல்லை தெளிவாகத் தெரிகிறது என்று அர்த்தம். நல்ல செய்தி.

5 மி.மீ. கல் இந்த இடத்தில் இருந்தால் பெரும்பாலும் தானே விழும். சில வாரம் ஆகலாம். டாக்டர் சொன்ன மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூத்திரத்தை டீ வடிகட்டியில் பிடித்து, கல் கிடைத்தால் பத்திரப்படுத்தி டாக்டரிடம் கொடுங்கள், என்ன கல் என்று பரிசோதிக்கலாம். வாழைத்தண்டுச் சாறு குடிக்கட்டும். ஆனால் அதை நம்பி மறு ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

குளிர் காய்ச்சல் வந்தாலோ, மூத்திரம் நின்றாலோ, வாந்தி அடங்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

கல் விழுந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. கடலில் வெயிலில் வேர்த்துக் கொட்டும். கேன் தண்ணீரையோ சிக்கனமாகக் குடிப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் மூத்திரம் போகும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். நிறம் கடும் மஞ்சளானால் குடித்தது போதவில்லை. படகில் கூடுதலாக ஒரு கேன் ஏற்றச் சொல்லுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் குறையட்டும். பாலை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அக்யூட் காஸ்ட்ரைட்டிஸ்’ என்று இருக்கிறது. முற்றிவிட்டதா?
- ஆசிரியர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முற்றவில்லை சார். அக்யூட் என்றால் திடீரென்று, அண்மையில் தொடங்கியது. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. காஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையின் உள்சுவரில் வந்த அழற்சி. நாள்பட்டதைத்தான் கிரானிக் என்போம். உதாரணத்துக்கு, கிட்னி பாதிப்பு 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் கிரானிக் என்று எழுதுவார்கள். அதுவும் கடைசிக் கட்டம் என்று பொருளல்ல.

கேள்வி: வயிற்று ஸ்கேனில் ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே ‘என்.ஏ.டி.’ என்று இருக்கிறது. இது என்ன நோய்?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: நோயே இல்லை. பார்த்த வரையில் குறை எதுவும் தென்படவில்லை என்பதன் சுருக்கம் அது. ஆனால் இரைப்பைப் புண் போன்ற சில கோளாறுகள் இந்த ஸ்கேனில் பிடிபடாமல் போகும். வலி நீடித்தால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் டாக்டரிடம் போங்கள்.