தாழ்மையும் தலைமையும்: சபையார் கேள்விகளுக்குப் பதில்

கிருஷ்ணகிரியில் எங்கள் வேதபாட வகுப்பில், வேதாகமத்தில் வரும் யூதா தேசத்து ராஜா உசியாவைப் பற்றிப் படித்தோம். அதன் பிறகு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தர்மபுரி, கல்லூரி மாணவர்: நன்றாகப் பாடுகிறாய் என்று யாராவது சொன்னால், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றுதான் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் தம்பி. நன்றி சொல்லுங்கள், போதும். அந்தக் குரல் கடவுள் கொடுத்தது. அதை இல்லை என்று ஏன் சொல்லவேண்டும்?

காவேரிப்பட்டணம், மாந்தோப்பு விவசாயி: உசியா நல்ல ராஜாதானே ஐயா, எங்கே தவறினான்?

16 வயதில் ராஜாவாகி 52 வருஷம் ஆண்டவன். வனாந்தரத்தில் கோபுரம் கட்டினான், துரவு (கிணறு) வெட்டினான். வேளாண்மையில் பிரியமுள்ளவன் என்று வேதாகமத்தில் 2 நாளாகமம் 26-ம் அதிகாரம் சொல்கிறது, உங்களுக்குப் பிடித்துப்போகும். பலப்பட்ட பிறகுதான் மனம் மேட்டிமையானது. ஆலயப் பணி செய்யும் ஆசாரியர் மட்டுமே காட்டவேண்டிய தூபத்தைத் தானே காட்ட ஆலயத்துக்குள் போனான். பிரதான ஆசாரியன் அசரியாவும் 80 ஆசாரியர்களும் மறித்து நின்றார்கள். அப்போதாவது திரும்பியிருக்கலாம். கையில் தூபகலசத்தோடு கோபப்பட்டான். கோபிக்கும்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றியது.

அந்த வசனத்தை என்னால் சுலபமாகக் கடக்க முடியாது. நான் சபைச் செயலராக இருந்தபோது அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கை ஒரு அக்கா கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆனால் என்னை எப்படிக் கேட்கலாம் என்ற எண்ணம். மறுவாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் கணக்கை ஆலய வாசலிலேயே ஒட்டினோம்.

பாலக்கோடு, பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர்: கமிட்டியில் கேள்வி கேட்டால் "இது பெருமை, அடங்கி இரு" என்கிறார்கள்.

கேளுங்கள் அம்மா. பூமியில் எல்லாரையும்விட மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் சொல்லும் மோசேதான் எகிப்து ராஜா பார்வோன் முன்னால் போய் நின்றான். அந்தியோகியாவில் இயேசுவின் சீஷர் பேதுரு தவறியபோது பவுல் முகத்துக்கு முகம் எதிர்த்தார். சபையில் முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்பு என்பவனை யோவான் தன் மூன்றாம் நிருபத்தில் பெயர் சொல்லியே கண்டித்தார். புறக்கடையில் பேசாமல் கூட்டத்தில் மரியாதையாகக் கேளுங்கள்.

எலத்தகிரி, கத்தோலிக்கச் சகோதரி: பெரிய வியாழனன்று குருவானவர் பாதம் கழுவுவது வெறும் சடங்காகிவிட்டதா?

நீங்கள் தாழ்ச்சி என்பீர்கள், நாங்கள் தாழ்மை என்போம். 2013-ல் போப் பிரான்சிஸ் ரோம் நகரச் சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். பெண்களும் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். இயேசு சீஷர்களின் பாதங்களைக் கழுவிய யோவான் 13-ஐ நிதானமாக வாசியுங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்துதான் இயேசு எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டார். தம் அதிகாரம் தெரியாமல் குனியவில்லை. எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

ஓசூர், சபை அங்கத்தினர்: எங்கள் சபையில் தேர்தல் வருகிறது. எதைப் பார்ப்பது?

பணிவான பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணக்குக் கேட்டால் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஆலயத்தைப் பெருக்குகிற கோயில்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.