0.00000047-ஐ அறிவியல் குறியீட்டில் எழுதினால் அடுக்கு −6 வராமல் −7 வருவது ஏன்?

கேட்டவரின் குழப்பம் இது: புள்ளிக்குப் பின்னால் ஆறு பூஜ்ஜியங்கள்தான் இருக்கின்றன, ஆனால் புத்தகத்தின் விடைப் பக்கத்தில் 4.7 × 10⁻⁷ என்று போட்டிருக்கிறது. தவறு அச்சிலா, என்னிடமா?

அச்சில் தவறில்லை. நீங்களும் பூஜ்ஜியங்களைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஆனால் எண்ண வேண்டியது பூஜ்ஜியங்களை அல்ல.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மாலை வேளைகளில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். அயனிச் சமநிலைப் பாடத்தைத் தொடங்கும் நாளில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். சில ஆண்டுகளில் யாரும் கேட்க மாட்டார்கள். அப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும், விடைத்தாளில் தெரியும் என்று.

புள்ளிக்கு வலப்பக்கம் வரிசையாக நாற்காலிகள் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாற்காலி பத்தில் ஒன்று, அதாவது 10⁻¹. இரண்டாவது நூறில் ஒன்று, 10⁻². இப்படியே போனால் ஏழாவது நாற்காலி கோடியில் ஒன்று, 10⁻⁷. உங்கள் எண்ணில் ஆறு நாற்காலிகளில் பூஜ்ஜியங்கள் உட்கார்ந்துவிட்டன. 4-க்குக் கிடைத்தது ஏழாவது. பூஜ்ஜியமல்லாத முதல் இலக்கம் எத்தனையாவது நாற்காலியில் இருக்கிறது என்பதைத்தான் அடுக்கு சொல்கிறது. அதற்கு முன்னால் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

புள்ளிக்கு முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தையும் சேர்த்து எண்ணினால் ஏழு வந்துவிடும் என்று ஒரு குறுக்குவழி உண்டு. விடை சரியாகவே வரும். ஆனாலும் நான் சொல்லித்தருவதில்லை. சில புத்தகங்களில் .00000047 என்று முன்பூஜ்ஜியம் இல்லாமல் அச்சிட்டிருப்பார்கள். அங்கே பிள்ளை விழுந்துவிடும். "வலப்பக்கம் நகர்த்தினால் மைனஸ், இடப்பக்கம் நகர்த்தினால் பிளஸ்" என்ற மனப்பாடமும் அப்படித்தான், தேர்வு அறையில் இடமும் வலமும் மாறிப்போகும். எண் ஒன்றைவிடச் சிறியதா என்று பாருங்கள். சிறியது என்றால் அடுக்கு மைனஸ். அந்த மைனஸ் எண்ணை மைனஸ் ஆக்குவதில்லை; இத்தனை முறை பத்தால் வகுத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்கிறது.

மடக்கை (லாக்) அட்டவணையைப் புரட்டியவர்களுக்கு இது பழைய சங்கதி. 0.00000047-க்கு மடக்கை பார்த்தால் தலையில் கோடு போட்ட 7, பிறகு புள்ளி, பிறகு 6721. அந்தக் கோடு போட்ட 7-தான் இந்த −7. அட்டவணையில் தேடிய 6721 என்பது 4.7-க்கு உரியது. அறிவியல் குறியீடு என்று பெயர் தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

பூஜ்ஜியங்களோடே எழுதிவிட்டுப் போனால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்குக் குடிநீரில் இருந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500, பாதரசத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இதைக் கிராமாக்க வேண்டும். 0.001 என்பது 1 × 10⁻³. மில்லி என்பதற்குள் இன்னொரு 10⁻³ ஒளிந்திருக்கிறது. இரண்டையும் பெருக்க அடுக்குகளைக் கூட்டினால் போதும்: 1 × 10⁻⁶ கிராம். ஒரு மோல் பாதரசத்தின் நிறை 200.6 கிராம், அதாவது ஏறத்தாழ 2 × 10². வகுக்கும்போது அடுக்கைக் கழிக்க வேண்டும். 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0.5, −6-இலிருந்து 2-ஐக் கழித்தால் −8. ஆக 0.5 × 10⁻⁸. முன்னால் நிற்கும் எண் 1-க்குக் குறையக் கூடாது என்பதால் 5 × 10⁻⁹ மோல்.

இத்துணூண்டு பாதரசமா என்று அவன் சிரித்தான். அதை ஒரு மோலில் எத்தனை அணுக்கள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணான 6.022 × 10²³-ஆல் பெருக்கச் சொன்னேன். 5-ஐயும் 6.022-ஐயும் பெருக்கினால் சுமார் 30, அடுக்கு −9-உம் 23-உம் சேர்ந்து 14. எனவே 30 × 10¹⁴, ஒழுங்காக எழுதினால் 3 × 10¹⁵. வரம்புக்குள் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கப்படும் ஒரு லிட்டர் தண்ணீரில் முந்நூறு கோடிக்குப் பத்து லட்சம் மடங்கு பாதரச அணுக்கள் இருக்கலாம். பூஜ்ஜியங்களை வரிசையாக எழுதி இதைச் செய்து பாருங்கள். மூன்றாவது வரியிலேயே ஒரு பூஜ்ஜியம் தொலைந்திருக்கும், எந்த வரியில் தொலைந்தது என்று தேடவும் முடியாது.

இன்னொரு வம்பு இருக்கிறது. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி, அதாவது நீரில் அது எந்த அளவுக்கு அயனிகளாகப் பிரிகிறது என்பதைக் காட்டும் எண், 1.8 × 10⁻⁵. அம்மோனியாவுக்கும் அதே 1.8 × 10⁻⁵. சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கமோ, அதாவது கரைந்த இரு அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண்ணோ, 1.8 × 10⁻¹⁰. பிள்ளைகள் மூன்றுக்கும் 1.8-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள், அடுக்கைக் கோட்டை விட்டுவிடுவார்கள். 1.8-ஐ 1.7 என்று எழுதினால் பிழை ஆறு சதவீதத்துக்கும் குறைவு. −10-ஐ −5 என்று எழுதினால் விடை ஒரு லட்சம் மடங்கு எகிறும். மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றால் அடுக்கை முதலில் செய்யுங்கள்.

வர்க்கமூலம் எடுக்கும்போது அடுக்கு இரட்டைப்படையாக இருந்தால் சிக்கல் இல்லை. 1.8 × 10⁻¹⁰-க்கு மூலம் 1.34 × 10⁻⁵. ஒரு லிட்டர் தூய நீரில் கரையும் சில்வர் குளோரைடு அவ்வளவு மோல்தான், சுமார் இரண்டு மில்லிகிராம். சில்வர் புரோமைடுக்கு வரும்போதுதான் பிள்ளைகள் முழிப்பார்கள்: 5 × 10⁻¹³. −13-ஐ இரண்டால் வகுத்து −6.5 என்று எழுதியவர்களும் உண்டு. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விடையை யாரும் படிக்க மாட்டார்கள். முன்னால் நிற்கும் எண் 1-க்கும் 10-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது கடைசி விடைக்கான விதி. நடுவழியில் அதைத் தளர்த்தலாம். 5 × 10⁻¹³-ஐ 50 × 10⁻¹⁴ என்று எழுதுங்கள். 50-க்கு மூலம் 7.07, அடுக்கு −7. முடிந்தது.

கூட்டலிலும் இதே தளர்வுதான். 3.2 × 10⁻⁵-உடன் 4 × 10⁻⁶-ஐக் கூட்ட வேண்டுமென்றால் இரண்டாவதை 0.4 × 10⁻⁵ ஆக்கிக்கொண்டு கூட்டுங்கள், 3.6 × 10⁻⁵.

கால்குலேட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய கால்குலேட்டர்கள் 4.7 என்று காட்டி, சற்று இடம் விட்டு, மேலே சிறியதாக −07 என்று காட்டும். பத்து இருக்கிறது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாணவி அதைப் பார்த்தபடியே 4.7⁻⁷ என்று தாளில் எழுதிவிட்டாள். 4.7-ஐ ஏழு முறை பெருக்கி ஒன்றை அதனால் வகுத்தால் 1.97 × 10⁻⁵ வருகிறது. சரியான மதிப்பைப் போல 42 மடங்கு. கணினி அட்டவணையில் 4.7ஈ-07 என்று வரும். நடுவில் நிற்கும் அந்த ஆங்கில எழுத்து, "பத்தின் அடுக்கு" என்பதற்கான சுருக்கம், வேறொன்றும் இல்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் காசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ்ஸில் 1-ஐ 200-ஆல் வகுத்தால் 5 × 10⁻⁰³ என்று வந்து பயமுறுத்துகிறதா? கருவி கெடவில்லை. அது நார்ம் 1 என்ற அமைப்பில் இருக்கிறது. நார்ம் 2-க்கு மாற்றினால் 0.005 என்றே காட்டும்.

என் பங்குக்கு நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியராவதற்கு முன் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தேன். அறிக்கையைத் தட்டச்சு செய்து, வேறொரு கோப்பில் ஒட்டி அனுப்பினேன். ஒட்டும்போது மேலே இருந்த சிறிய −3 கீழே இறங்கிவிட்டது. 10⁻³ என்று இருந்தது 10-3 என்று போயிற்று. மறுநாள் வாடிக்கையாளர் தொலைபேசியில், "பத்தா, மூன்றா, இல்லை ஏழா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒட்டியதை ஒருமுறை படிக்காமல் அனுப்புவதில்லை.

கடைசியாக, கேட்காத ஒன்று. நம் பழைய கணக்கு வழக்கில் முந்திரி என்றால் 1/320. அதற்கும் சிறிய அளவுகளுக்கு எல்லாமே புதிய பெயராகத் தேடவில்லை. அரை, கால், முந்திரி என்ற அதே பெயர்களின் முன்னால் 'கீழ்' என்று சேர்த்தார்கள். கீழ் என்றால் 320-ஆல் ஒருமுறை வகு. கீழரை 1/640, கீழ்க்கால் 1/1280, கீழ்முந்திரி 1/1,02,400. பத்துக்குப் பதில் 320. −1 என்ற அடுக்குக்குப் பதில் 'கீழ்'. முன்னால் நிற்கும் அளவு மாறாமல் படி மட்டும் இறங்குகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் மைனஸ் அடுக்கின் மீதிருக்கும் அச்சம் பாதி போய்விடுகிறது.

கீழ்முந்திரி இன்றைய எழுத்தில் 9.765625 × 10⁻⁶. அதை இருபத்தொரு பங்காக்கினால் ஒரு பங்கின் பெயர் இம்மி. "இம்மியளவும் பிசகக் கூடாது" என்று சொல்கிறோமே, அதே இம்மி. 1/21,50,400. வகுத்துப் பாருங்கள்: 4.65 × 10⁻⁷ வரும். இரண்டு இலக்கங்களுக்குச் சுருக்கினால் 4.7 × 10⁻⁷, நீங்கள் கேட்ட அதே எண்.