ஆச்சி எந்திரிக்கிற 4 செகண்ட்

வணக்கம் அண்ணா,

எனக்கு ஊர் கோவில்பட்டி பக்கம். அனிமேஷன் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். செமஸ்டர் வேலைக்கு எங்க ஆச்சி (அப்பாவோட அம்மா) திண்ணையில இருந்து எந்திரிக்கிறத 2டி-ல வரைஞ்சேன். 4 செகண்ட் ஷாட், பேப்பர்ல 41 டிராயிங், மூணு வாரம் ஆச்சு. லீவுக்கு ஊருக்குப் போனப்ப வீட்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். எங்க மாமா பையன் பாத்துட்டு, போன்ல ஒரு ஏஐ ஆப்ல 'வயசான பாட்டி திண்ணையில இருந்து எந்திரிக்கிறாங்க, கார்ட்டூன் மாதிரி'ன்னு டைப் பண்ணினான், ஒரு நிமிஷத்துல வீடியோ வந்துருச்சு. கலர், வெயில், பின்னாடி வேப்பமரம் எல்லாம் இருந்துச்சு. என்னோடது வெறும் பென்சில் கோடு. அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு ராத்திரி 'இந்தப் படிப்புக்கு இன்னும் ஃபீஸ் கட்டணுமா'ன்னு அம்மாகிட்ட கேட்டது காதுல விழுந்துச்சு. நான் இதைத் தொடரலாமா அண்ணா? நீங்க அனிமேட்டராச்சே, வேலையில ஏஐ யூஸ் பண்றீங்களா, மறைக்காம சொல்லுங்க. ரெண்டு வீடியோவும் இதோட இருக்கு. பேர் போட வேண்டாம்.

*

தம்பிக்கு வணக்கம்.

நாலு நாளா ரெண்டு வீடியோவையும் மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தேன், ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளியும் பாத்தேன், அதான் பதில் லேட்டு.

மொதல்ல மாமா பையன் எடுத்த வீடியோ. பாக்க அழகாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், அந்த வெயிலை வரையணும்னா எனக்கே ரெண்டு நாள் ஆகும். ஆனா அந்தப் பாட்டி எந்திரிக்கவே இல்ல தம்பி. உக்காந்திருக்காங்க, அப்புறம் நிக்கிறாங்க, நடுவுல உடம்பு லிஃப்ட் மாதிரி ஒரே சீரா மேல வருது. கை தொடை மேல இருக்கு, ஆனா தொடையை அழுத்தல. முட்டிக்கு வேலையே இல்ல. சேலை பார்டர் ஆரம்பத்துல பச்சையா இருந்து நிக்கும்போது நீலமாயிடுது.

இப்ப உங்க ஆச்சி. எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவங்க வலது கை திண்ணைத் தூணைத் தேடுது, தலை அந்தப் பக்கம் திரும்பவே இல்ல, கை தானா போகுது, ஏன்னா அந்தத் தூண் எங்க இருக்குன்னு கைக்கு எத்தனையோ வருஷமாத் தெரியும். பாதி எந்திரிச்சதும் நின்னுடறாங்க. அங்க 10 ஃப்ரேம் ஹோல்ட், அதாவது அதே படத்தை அசையாம விட்டிருக்கீங்க. அப்புறம் ஒரு இஞ்ச் கீழ இறங்கி, மூச்சைப் பிடிச்சுட்டு, அப்புறம்தான் முழுசா நிமிர்றாங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேம், அப்போ 10 ஃப்ரேம்னா அரை செகண்ட் கூட வராது, அந்தக் கொஞ்ச நேரத்துல எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் வந்து வீடியோவை நிறுத்திட்டேன். அந்த நிப்பு எங்கிருந்து வந்துச்சு? மாமா பையன் டைப் பண்ணின வரியில அது இல்ல, இருக்கவும் முடியாது, அப்படி ஒண்ணு இருக்குன்னே பாத்தவங்களுக்குத்தான் தெரியும். நீங்க சின்ன வயசுல இருந்து பாத்திருக்கீங்க.

கனடாவுல நேஷனல் ஃபிலிம் போர்டுல இருந்த நார்மன் மக்லாரென் சொன்னதா எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயம் உண்டு: அனிமேஷன்ங்கறது படத்தை அசைய வைக்கிற கலை இல்ல, அசைவை வரையற கலை, ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவுல என்ன நடக்குதோ அதுதான் முக்கியம்னு. நான் இதை வேலைக்குச் சேந்த புதுசுல சுவத்துல எழுதி ஒட்டினேன், அர்த்தம் புரியறதுக்கு மூணு வருஷம் ஆச்சு.

ஏன்னா நான் ஆரம்பிச்சதே அந்த நடுவுலதான். 2000-க்கு அப்புறம் சென்னைல வெளிநாட்டு டிவி சீரியலுக்கு 2டி வேலை வந்துட்டு இருந்த காலம், ஒரு ஸ்டூடியோல இன்பிட்வீனரா சேந்தேன். சீனியர் கீ டிராயிங், அதாவது அசைவோட முக்கியமான நிலைகளை மட்டும் போட்டுக் கொடுத்துடுவார், பேப்பர் ஓரத்துல ஒரு சின்ன டைமிங் சார்ட், ஒரு கோடு அதுல குறுக்குக் கோடுகள், எந்த டிராயிங் எதுக்குப் பக்கத்துல வரணும்னு. நடுவுல வர்றதை நாங்க வரையணும். அடியில வெளிச்சம் வர்ற லைட் பாக்ஸ் மேல, தாள் நகராம பிடிக்கற பெக்-ல பேப்பரை மாட்டி, விரலிடுக்குல அஞ்சு தாளைப் பிடிச்சு ஃபிளிப் பண்ணிப் பண்ணி பாக்கணும், சாயங்காலம் விரலோரம் எல்லாம் கிராஃபைட்ல கறுத்திருக்கும்.

மொத வாரம் எனக்கு வந்தது ஒரு தலை திரும்பற ஷாட். இடது பக்கம் ஒரு முகம், வலது பக்கம் ஒரு முகம், நான் ஸ்கேல் வெச்ச மாதிரி சரியா நடுவுல ஒரு முகம் போட்டுக் கொடுத்தேன். சீனியர் ஃபிளிப் பண்ணிப் பாத்தார், ஒண்ணும் சொல்லல, என்னைக் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு தலையைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். இன்னொரு தடவைன்னார். ஏழெட்டு தடவைக்கு அப்புறம்தான் பிடிபட்டுச்சு, தலை நேர்கோட்டுல திரும்பறதில்ல, தாடை கீழ இறங்கி ஒரு வளைவு போட்டு ஏறுது, கண்ணு இமை நடுவுல மூடித் திறக்குது, கண்ணு மொதல்ல போகுது மூக்கு அப்புறமா வருது. நடுவுல இருக்கற படம்ங்கறது ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுக்கறது இல்ல. அன்னைக்கு நான் கத்துக்கிட்டதை வெச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் சாப்பிடறேன்.

எனக்கு உண்மையான பயம் எங்கன்னா, ஏஐ மொதல்ல எடுத்துக்கறது இந்த வேலையைத்தான். இன்பிட்வீன், க்ளீனப் (கோட்டைச் சுத்தமா திரும்ப வரையறது), கலர், ரோட்டோ (எடுத்த காட்சியில இருந்து ஆளை ஃப்ரேம் ஃப்ரேமா வெட்டிப் பிரிக்கறது), அதாவது புதுசா வர்ற பசங்க உக்காந்து கண்ணைப் பழக்கிக்கற நாற்காலி. கீ போடற சீனியர் வானத்துல இருந்து குதிக்கல தம்பி, அஞ்சாறு வருஷம் நடுவுல வரைஞ்சு வந்தவர். அந்தப் படிக்கட்டை எடுத்துட்டா இன்னும் பதினைஞ்சு வருஷத்துல கீ போட யார் இருப்பாங்கன்னு நான் கேட்ட எந்த புரொடியூசரும் பதில் சொல்லல.

'டெக்னாலஜி எப்பவும் வந்துட்டுத்தான் இருக்கு'ன்னு உங்ககிட்டயும் யாராவது சொல்லுவாங்க. உண்மைதான். 1961-ல டிஸ்னி டால்மேஷன் நாய்ங்க படத்துக்கு அனிமேட்டரோட பென்சில் கோட்டை அப்படியே ஜெராக்ஸ் மாதிரி செல்ங்கற கண்ணாடி மாதிரி தாள் மேல ஏத்த ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் கையால மை போட்டு கோடு இழுத்தவங்க பெரும்பாலும் பெண்கள், அவங்க வேலை சுருங்கிப் போச்சு. அப்புறம் 1993, ஜுராசிக் பார்க். டைனோசர் வர்ற பல ஷாட்டை பொம்மையை ஒவ்வொரு ஃப்ரேமா நகத்தி எடுக்கறதா இருந்தாங்க, அதுக்கு ஃபில் டிப்பெட்ங்கற ஆள். கம்ப்யூட்டர்ல ஓடற டைனோசர் டெஸ்ட்டைப் பாத்ததும் நான் அழிஞ்சு போன இனம் ஆயிட்டேன்னு சொன்னார். ஆனா அவரை அனுப்பிடல, ஒரு மிருகம் எப்படித் திரும்பும், எடையை எந்தக் கால்ல மாத்தும்னு அவருக்குத்தான் தெரியும்னு அசைவுக்கு அவரையே பொறுப்பா வெச்சாங்க. பொம்மைக்கு மூட்டு மூட்டா சென்சார் வெச்சு, பழைய ஆளுங்க கையால அசைக்கிறது கம்ப்யூட்டருக்குப் போற மாதிரி ஒரு கருவியே செஞ்சாங்க. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

ஆனா இதை வெச்சு இப்பவும் அப்படித்தான் ஆகும்னு சொல்ல எனக்கு மனசு வரல. 1961 மெஷின் காப்பி எடுத்தது அந்த ஸ்டூடியோவுல சம்பளம் வாங்கற அனிமேட்டரோட கோட்டை. இப்ப வந்திருக்கறது யாரையும் கேக்காம இன்டர்நெட்ல இருந்து அள்ளின படங்களை வெச்சுப் பழகினது. 2022-ல வந்த லயன் 5பி-ங்கற தொகுப்புல மட்டும் 580 கோடிக்கு மேல படங்களோட லிங்க் இருந்துச்சு. யாரோ உங்களை மாதிரி ராத்திரி கண்ணு முழிச்சு வரைஞ்சு ஆசையா போட்டது எல்லாம் அதுல கிடக்கும். 2023 ஜனவரியில அமெரிக்காவுல மூணு ஆர்ட்டிஸ்ட் ஏஐ படக் கம்பெனிங்க மேல கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 ஜூன்ல டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னிங்கற ஏஐ படக் கம்பெனி மேல கேஸ் போட்டாங்க. பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கு, கோவில்பட்டில பென்சில் பிடிக்கற பையனுக்கு யார் இருக்கா? எனக்கு இதுல கோபம் இருக்கு, மறைக்கல.

2025 மார்ச்ல எல்லாரும் ஏஐ-ல ஜப்பான் ஸ்டூடியோ ஜிப்லி ஸ்டைல்ல குடும்ப ஃபோட்டோ போட்டாங்களே, அப்போ அந்த ஸ்டூடியோவோட டைரக்டர் மியாசாகி 2016-ல சொன்னதுன்னு ஒரு வீடியோ சுத்துச்சு. அவர் அன்னைக்குச் சொன்னது பொதுவா ஏஐ படத்தைப் பத்தி இல்ல, ஏஐ வெச்சு அசைய வெச்ச ஒரு உருவம் தலையைக் காலா வெச்சு ஊர்ந்து வர்றதை அவருக்குக் காட்டினாங்க. அவர் மொதல்ல சொன்னது கையைத் தூக்கி ஹை-ஃபைவ் அடிக்கக்கூட கஷ்டப்படற ஒரு நண்பரைப் பத்தி. அந்த நண்பரை நினைச்சா இதை சுவாரஸ்யம்னு பாக்க முடியலன்னார், உயிருக்கே அவமானம்னு சொன்னது அதுக்கு அப்புறம்தான். அதாவது ஒரு உடம்போட வலி தெரியாம அந்த உடம்பை அசைக்காதேன்னு நான் அதைப் புரிஞ்சுக்கறேன். அவரோட தி விண்ட் ரைசஸ் படத்துல பூகம்பத்துக்கு அப்புறம் கூட்டம் நகர்ற ஒரு ஷாட் உண்டு, உங்களோடது மாதிரியே 4 செகண்ட், ஒரே அனிமேட்டருக்கு ஒரு வருஷம் மூணு மாசம் ஆச்சு. உங்க மூணு வாரத்துக்கு யார்கிட்டயும் கூசிப் போகாதீங்க.

நான் யூஸ் பண்றேனான்னு கேட்டீங்க. பண்றேன். ரோட்டோல முடியை வெட்டி எடுக்க, இமேஜ்ல நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகளை எடுக்க. அதுலயும் ரோட்டோவுக்கு யூஸ் பண்ணும்போது எனக்கு உறுத்தும், போன வருஷம் வரைக்கும் அதுக்கு ரெண்டு பசங்க இருந்தாங்க. நடிப்பு இருக்கற எந்த ஷாட்லயும் தொட விட மாட்டேன். ஒரு விளம்பரக் கம்பெனி ஏஐ-ல எடுத்த 20 செகண்ட் கொண்டு வந்து 'சும்மா கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க'ன்னாங்க, கட்டம் போட்ட சட்டையில கட்டம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுது, டம்ளர் பிடிச்ச கையில விரல் ஒண்ணோடொண்ணு உருகுது, ஒன்பது நாள் ஆச்சு, முழுசா வரைஞ்சிருந்தா கிடைச்சிருக்கற காசுல மூணுல ஒரு பங்கு கொடுத்தாங்க. அடுத்த தடவை வந்தப்ப முடியாதுன்னுட்டேன்.

தொடரலாமான்னு கேட்டதுக்கு, வேலை கண்டிப்பா கிடைக்கும்னு நான் எழுதிக் கொடுத்தா அது பொய். நான் சேந்த அந்த மொத நாற்காலி உங்களுக்கு இருக்குமான்னு தெரியல. அதனால காலேஜ்லயே கீ போட்டுப் பழகுங்க, கதையை ஷாட் ஷாட்டா வரையற ஸ்டோரிபோர்ட் கத்துக்கங்க, பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் ஃப்ரீதான், அதையும் கத்துக்கங்க, ஆனா பேப்பரை விடாதீங்க. பஸ் ஸ்டாண்டுல, ரேஷன் கடையில உக்காந்து ஆளுங்க எடையை எப்படி மாத்தறாங்கன்னு ஸ்கெட்ச் பண்ணுங்க. உங்ககிட்ட பாக்கற கண்ணு இருக்கு, இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லல, அந்த 10 ஃப்ரேமைப் பாத்துட்டுச் சொல்றேன்.

அப்பாகிட்ட போன்ல காட்டாதீங்க. அந்த 41 தாளையும் அவர் கையில கொடுத்து, அவரையே ஃபிளிப் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க. அவரோட அம்மா அவர் விரலுக்கு நடுவுல எந்திரிக்கட்டும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு திருத்தணும். ஆச்சி தூணைப் பிடிச்சு எடையைப் போடற இடத்துல, 17-ல இருந்து 20 வரைக்கும், வலது தோள் அப்படியே நிக்குது. கை ஊணினா தோள் காதுப் பக்கம் ஏறணும், கழுத்து கொஞ்சம் உள்ள போகணும். ஊருக்குப் போகும்போது ஆச்சிக்குப் பின்னாடி உக்காந்து பாருங்க, தெரியும். அந்த நாலு டிராயிங்கை மட்டும் திரும்ப வரைஞ்சு அனுப்புங்க.